கூட்டல் குறித் திருகு

பழைய ரேடியோக்களின் வயதைக் கணிப்பவரின் மனைவி, இறந்த மறு வருடம், அலமாரியிலிருந்த படிக ரேடியோவில் பேசத் தொடங்கினாள். பேட்டரியும் மின்சாரமும் வேண்டாத கருவி அது. ஒரு கல்லை ஒரு மெல்லிய கம்பி தொட்டால் போதும், காதுக்குழாயில் நிலையம் கேட்கும். ஆனால் ஊரின் ஒரே நிலையத்தை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் கேட்டவன் அவளுடைய தம்பி, மைக் செட் வாடகைக்கு விடுபவன்.

"மாமா, அக்கா திட்டுறா. உங்களைத்தான்."

அவர் காதில் வைத்துக் கேட்டார். "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

கட்டிலில் ஈரத் துண்டு கிடந்தது. வரும்போதே மைத்துனன் அதைப் பார்த்திருப்பான். யார் குரலிலும் பேசக்கூடியவன். கல்யாண வீடியோக்களில் அக்காவின் குரலும் அவனிடம் இருந்தது. அவர் அவனைத் தெருவுக்கு அனுப்பிக் கதவைத் தாழிட்டார். அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். கருவிக்குள் எதையாவது ஒளித்து வைத்திருப்பானோ? நல்லெண்ணத்தில் செய்த ஏமாற்று என்றால் அவரால் தாங்க முடியாது. எனவே எந்தக் கருவிக்கும் செய்வதையே இதற்கும் செய்தார். எபோனைட் என்ற கறுப்பு ரப்பர்ப் பலகை வெயில் பட்ட இடங்களில் பழுப்பேறியிருந்தது. கம்பி மாட்டும் முனைகளுக்கு அடியில் கறுப்பு மாறவில்லை. சுருளில் பருத்தி நூல் சுற்றிய கம்பி. எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளைச் சேர்ந்தவை. பின்பலகையில் ஒரு திருகின் தலையில் மட்டும் கூட்டல் குறி. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட திருகே கிடையாது.

ஜன்னலைத் திறந்தார். "டேய், எப்போடா திறந்தே இதை?"

"ஐயோ மாமா, ஸ்பீக்கரைத் திறக்கவே நான் ஆள் வெச்சிருக்கேன்!"

காதுக்குழாயில் அவள் குரல் தணிந்தது. "அவனைத் திட்டாதீங்க. தூசி தட்டுறப்ப திருகு உருண்டு போச்சு, கையில கிடைச்சதை மாட்டிட்டேன். அப்புறம் பழசு அகப்பட்டுது, தையல் டப்பாவில போட்டேன். நீங்க குதிப்பீங்கன்னு சொல்லல."

அவள் போன பிறகு யாரும் திறக்காத டப்பா அது. பொத்தான்களுக்கு அடியில், தலையில் ஒற்றைக் கோடு வெட்டிய பித்தளைத் திருகு கிடந்தது. துளையில் சரியாக இறங்கியது. மைத்துனனை உள்ளே அழைத்தார்; மன்னிப்பு கேட்கவில்லை, டீ போட்டுக் கொடுத்தார். ரேடியோவில் அட்டை கட்டினார்: திருகுகள் அனைத்தும் அசல், வேலை செய்கிறது.

பிறகு வந்த வருடங்களில் அவர் துண்டைக் கொடியில்தான் உலர்த்தினார். அவள் பேச்சு குறைந்துபோகிற நாட்களில் மட்டும், நன்றாக நனைத்துக் கட்டிலில் போடுவார்.