‘வித்தியாசமா இருக்கு’

நான் செத்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்று என் சமையலறையிலேயே உட்கார்ந்து பேசுகிறார்கள், நானே காப்பியும் ஊற்றுகிறேன். இப்படி நினைத்ததும் ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மேசையில் கணவன் லைல். எதிரே வக்கீல் பெர்னெட், சிகாகோவிலிருந்து சமீபத்தில்தான் மினசோட்டாவுக்கு வந்தவர். லைலுக்கும் ஆர்டிஸுக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் பண்ணையை ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றுவது என்று ஏற்பாடு. உயிரோடு இருக்கும்வரை வருமானம் இவர்களுக்கு; பிறகு எல்லாம் சர்ச் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டால் மாற்ற முடியாது.

“இங்க போட்டுடுங்கம்மா,” என்றார் வக்கீல்.

“எங்கப்பா எனக்குக் கொடுத்த ஏரிக்கரை நிலமும் இதுல இருக்கே?”

“போன தடவை நீங்கதானே சம்மதிச்சீங்க?”

“நானா?”

“‘இது வித்தியாசமா இருக்கு’ன்னீங்களே. யாரும் இதுவரைக்கும் என் யோசனையை அப்படிப் பாராட்டினதில்ல.”

லைல் வாய்விட்டுச் சிரித்தான். “நம்ம ஊர்க் குளிரே இவருக்கு இன்னும் பழகல. பேச்சா பழகிடப்போகுது!”

ஆர்டிஸின் கையில் காப்பிக் குடுவை அப்படியே நின்றது. வாயில் வைக்க முடியாத பதார்த்தத்தை இந்த ஊரில் யாரும் மோசம் என்று சொல்வதில்லை. வித்தியாசமாக இருக்கிறது என்பார்கள். அதற்குமேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வக்கீலுக்கு அது தெரியாது. லைல் இங்கேயே பிறந்தவன்.

“அன்னிக்கே உனக்குப் புரிஞ்சுதா, லைல்?”

அவன் சிரிப்பு நின்றது. “நல்ல காரியந்தானே ஆர்டிஸ்? பாதிரியாரே ஞாயித்துக்கிழமை என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னாரு. இப்பப் போய் இல்லைன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சர்ச்சுக்குப் போறது?”

அதுதான் மூச்சை அடைத்தது. சூதாட்டத்துக்கு என்று கேட்டிருந்தால் கத்தியிருக்கலாம். வயதானவர்களின் படுக்கைக்கு என்று கேட்கும்போது எந்தப் பக்கம் நகர்வது? அந்த நிலத்தை வைத்துக்கொண்டு அவள் எதுவும் செய்யப்போவதில்லை. ஒருநாள் அவளே அதை அந்த இல்லத்துக்கு எழுதிக் கொடுக்கவும் கூடும். ஆனால் இன்னும் முடிவு செய்யாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவள் பல காலைகளில் எழுந்திருக்கிறாள். இதை எப்படிச் சொல்வது? சொன்னால் சுயநலம் என்பார்கள். சுயநலம்தானோ என்று தனக்குள் கேட்டுப் பார்த்தாள். இருக்கட்டும் என்று தோன்றியது.

“ஒரு கையெழுத்துதானே,” லைல் பேனாவை அவள் பக்கம் தள்ளினான். “போட்டுடு. அப்புறம் நீ சுட்ட ஆப்பிள் பலகாரத்தை வக்கீலுக்குக் கொடுப்போம். மனுஷன் வந்ததுலேர்ந்து அதையே பாத்துக்கிட்டிருக்காரு.”

வக்கீல் சங்கடமாகச் சிரித்தார். ஆர்டிஸ் குடுவையைக் கீழே வைத்தாள். பேனாவை மூடி, லைலின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

“ஏரிக்கரையை நான் தரமாட்டேன், லைல்,” என்றாள், குரலை உயர்த்தாமல்.