வினைக்குப் பிறகு ஓர் இடைவெளி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்ஸில் மூன்றாம் மாடியில் இருக்கும் இராசரத்தினம் லிஃப்டில் வைத்துச் சொன்னது. லிஃப்ட் பழுதாகி, படியேறியிருந்தால் முழுக் கதையும் கிடைத்திருக்கும்.

"நிஷாந்தி பயந்த சுபாவமுள்ள பெண். அவள்..."

இல்லை. பயந்தவள் அப்படிச் செய்திருக்க மாட்டாள். மறுபடி தொடங்குகிறேன்.

2

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள் நிஷாந்தி. கொள்ளுப்பிட்டியில், இராசரத்தினம் மேனேஜராக இருக்கும் கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. ஆறு மாதம் ஆங்கிலக் கடிதங்களைத் தானே எழுதிக் காட்டினால்தான் நிரந்தரமாவாள்.

வினைச்சொற்களோடு அவளுக்குச் சண்டையில்லை. அவற்றின் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் பொடிச் சொற்கள்தான் உயிரை வாங்கின. 'அப்ளை'க்குப் பிறகு ஃபோரா, டுவா? அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே எழுதுவாள். பக்கத்து மேசை ரொஷேல், தன் வேலையை நிறுத்தாமலே எட்டிப் பார்ப்பாள்.

"ஃபோர்... வித்... அடுத்ததுக்கு ஒண்டும் வேணாம், சும்மா விடு."

ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒருவரிடமும் சொன்னதுமில்லை.

[இங்கே "ரொஷேல் ஒரு தேவதை" என்று எழுதி அழித்தேன். தேவதைகள் அடுத்தவர் பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட மாட்டார்கள்.]

3

ஆறாவது மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ரொஷேல் லீவு. ஹெந்தளையில் தங்கைக்குக் கல்யாணம். நிஷாந்தி பழக்க தோஷத்தில் கடிதத்தை அப்படியே அனுப்பிவிட்டாள், மூன்று இடைவெளிகளோடு. வாடிக்கையாளர் அதை நேரே இராசரத்தினத்துக்குத் திருப்பி அனுப்பினார். இராசரத்தினம் அவளைக் கூப்பிட்டார்.

"இது என்ன பிள்ளை?"

"கம்பியூட்டர் பிழை, சேர்" என்று அவளைச் சொல்ல வைக்க மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். அவள் மசியவில்லை.

"அந்த எடத்துல என்ன போடணும்னு எனக்குத் தெரியாது சேர். இந்த ஆறு மாசமும் ரொஷேல்தான் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க மேல கோவப்படாதீங்க."

இராசரத்தினம் பேனாவை எடுத்து முதல் இடத்தை நிரப்பினார். இரண்டாவதையும் நிரப்பினார். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.

"ரொஷேல் எப்ப வருவா?"

"திங்கக்கெழம, சேர்."

"அப்ப திங்கள் வரைக்கும் இருக்கட்டும். நானும் அவவிட்டத்தான் கேக்கிறனான். நாலு வருசமா."

4

திங்கட்கிழமை ரொஷேலின் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று வாடிக்கையாளருக்கான கடிதம். மற்றது நிஷாந்தியின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம், இராசரத்தினமே தட்டச்சு செய்தது. அதிலும் ஒரு வினைக்குப் பிறகு இடம் வெறுமையாக இருந்தது.

ரொஷேல் பென்சிலை எடுத்தாள். அவள்...

சிரித்தாளா, அழுதாளா என்று நான் கேட்பதற்குள் மூன்றாம் மாடி வந்து, இராசரத்தினம் இறங்கிவிட்டார். மறுபடி கேட்கலாம். கேட்க மாட்டேன். நான் எழுதும்போதும் பக்கத்திலிருந்து சொல் எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இன்றுவரை நான் நன்றி சொன்னதில்லை, அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். கடைசி வரியில் நிஷாந்தியின் வழக்கப்படி ஓர் இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதினாலும் போதும்.

................ அவர்களுக்கு நன்றி.