ஏழாம் படுக்கை

அங்கீகார ஆய்வுக் குழு பத்தரைக்கு வருகிறது என்றதும், ஒன்பது மணிக்கே ஹோமியோபதிக் கல்லூரி வார்டின் பத்துப் படுக்கைகளுக்கும் புது விரிப்பு போட்டாயிற்று. மற்ற நாட்களில் அங்கே நோயாளி என்று பெயருக்குக்கூட ஆள் இருக்காது. ஆகவே இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு உறவினரை அழைத்து வந்து படுக்க வைத்துவிட வேண்டும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஒருத்தி சித்தியைக் கூட்டி வந்திருந்தாள், ஒருவன் மாமனை. ஏழாம் படுக்கையில் ஒரு தையல்காரர். கேஸ் தாளோடு பக்கத்தில் நின்றவள் அவர் மகள்.

"கேட்டா முட்டி வலின்னு சொல்லுங்கப்பா. எந்த முட்டின்னு மாத்திடாதீங்க."

"இடது. நீ பரீட்சைக்குப் படிச்சதைவிட நல்லாவே படிச்சு வச்சிருக்கேன்."

தோழி ஓடிவந்து ஒரு படிவத்தைத் திணித்தாள். கற்றல் சூழல் பற்றிய மாணவர் கருத்து. இருபது கேள்வி, ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். "யோசிக்காதடி, எல்லாத்துக்கும் அஞ்சு போடு. போன வருஷம் ரெண்டு போட்டவன் இன்னும் வைவா பாஸ் பண்ணலை."

மகள் முதல் எட்டுக் கேள்விக்கும் மளமளவென்று ஐந்து போட்டாள். ஒன்பதாவதைப் படிப்பதற்குள் குழு வந்துவிட்டது. கண்ணாடி போட்ட பெரியவர் ஏழாம் படுக்கையருகே நின்று, "நீங்க கேஸ் எடுங்க, பார்ப்போம்" என்றார்.

நாலு வருஷமாக மனப்பாடம் செய்த கேள்விகள் வரிசையாக வந்தன. தாகம் எப்படி, தூக்கம் எப்படி, பசி எப்படி.

"பசியே இல்லீங்க டாக்டர். ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. நெஞ்சுலயே நின்னுடுது."

அப்பா நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்தாள். "எத்தனை நாளா?"

"அஞ்சாறு மாசமா."

"வீட்ல சொன்னீங்களா?"

"பொண்ணு படிச்சிட்டிருக்காங்க. கடைசி வருஷம்."

பெரியவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். அவள் குனிந்து, "முட்டின்னுதானே சொன்னேன்?" என்றாள்.

"நீ கேட்ட விதத்துல வாயில வந்துடுச்சும்மா."

அப்போதுதான் அவர் சட்டையைப் பார்த்தாள். விலாப் பக்கம் தையல் பிரித்து, அளவு குறைத்து உள்ளே பிடித்திருந்தது. அதற்கும் உள்ளே, இன்னொரு தடவை பிடித்த புதுத் தையல். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். தட்டில் அவர் ஒதுக்கிவைத்ததை எத்தனையோ முறை வழித்துக் கொட்டியிருக்கிறாள்.

கழுத்தடியில், இடது காறை எலும்புக்குச் சற்று மேலே விரல் வைத்து அழுத்தினாள். வயிற்றில் புற்று இருந்தால் அங்கே ஒரு கழலை தட்டுப்படலாம் என்று பாடப் புத்தகத்தின் பக்க எண்ணோடு நினைவிருந்தது. ஏதோ தட்டுப்பட்டது. அது கழலையா, தசைநாரா, மெலிந்த உடம்பின் எலும்பேதானா? அவள் விரல் இதற்குமுன் ஒரு நோயாளியின் கழுத்தையும் தொட்டதில்லை.

"என்னம்மா, ஏதாவது இருக்கா?"

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள்.

குழு வெளியேறியதும் வார்டே எழுந்தது. சித்தி கொண்டையை முடிந்தாள். மாமன் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினார். தோழி கையை நீட்டியபடி வந்தாள். "ஃபார்ம் குடுடி. ஒன்பதுலேயே ஏன் நிறுத்திட்ட?"

ஒன்பதாவது கேள்வி: நோயாளிகளிடமிருந்து நேரடியாகக் கற்கப் போதிய வாய்ப்பு கிடைக்கிறது. எதிரே ஐந்து காலிக் கட்டங்கள்.

ஒன்பது படுக்கைகளின் விரிப்புகளும் மடிக்கப்பட்டுவிட்டன. ஏழில் மட்டும் அப்பா, எழுந்திருக்க யாரோ சொல்லட்டும் என்பதுபோல், அப்படியே படுத்திருந்தார். அவள் விரல் இன்னும் அதே இடத்தில் இருந்தது.