காலை ஆட்டாதீங்க

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். உட்கார்ந்தாலும் படுத்தாலும் விடைத்தாள் திருத்தினாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவருக்குத் 'தையல் மிஷின்' என்று பெயர். கல்யாணமான புதிதில் ஒருநாள் கட்டில் தடதடக்க, நிலநடுக்கம் என்று நினைத்து நான் வாசலுக்கே ஓடியிருக்கிறேன். "காலை ஆட்டாதீங்க!" என்று நான் ஓர் அதட்டல் போட்டால் நிற்கும். அதுவும் என் குரலுக்கு மட்டும்தான். தலைமையாசிரியர் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. இடது கால் மட்டும் 'விட்டேனா பார்' என்று இரண்டுக்கும் சேர்த்து ஆடியது. நான் அதட்டவில்லை. அப்பா மனசு நோகக்கூடாது, பிரஷர் ஏறும் என்று என் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் வாயில் வெல்லத்தை அடக்கிக்கொண்ட மாதிரி, "கண்ணில்ல, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று குழைந்து குழைந்து பேசினேன். அவர் என்னை யாரோ என்பதுபோலப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு புதுச் சிகிச்சை சொன்னார்கள். அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகளை அவற்றில் ஏற்றி, மூளையில் அடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஊசியால் விட்டார்கள். அந்த இரும்பினால் ஸ்கேன் படத்தில் செல்கள் கறுப்பாகத் தெரியுமாம். வெளியூருக்கு அனுப்பின பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பது மாதிரிதான். அடிபட்ட இடத்துக்கு அவை நகர்ந்திருந்தால் இரண்டாவது ஊசி போடுவார்கள். நகர்ந்ததா என்று தெரியாவிட்டால் கிடையாது.

அதுதான் தெரியவில்லை. இரண்டு தடவை படம் எடுத்தும் இடது கால் ஆடி, கூடவே தலையும் அசைந்து, படம் கலங்கிப் போயிற்று. மார்பில் சளி கட்டியிருந்ததால் மயக்க மருந்தும் கூடாது. இந்தத் தடவையும் வரவில்லையென்றால் இத்தோடு விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கமான மனுஷர். ஆனால் எதைக் கேட்டாலும் "இருக்கலாம்" என்பார். வெளியே மழையா என்று கேட்டால்கூட, ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு "இருக்கலாம்" என்பார்.

அன்றைக்கு ஸ்கேன் எடுக்கிற பெண் முன்ஜாக்கிரதையாக அவர் இடது காலை அகலமான பட்டையால் மேஜையோடு சேர்த்துக் கட்டினாள்.

"இப்ப எப்படி ஆட்டறீங்கன்னு பாக்கறேன் சார்" என்று சிரித்தாள். அவர் முறைத்தார். மைக்கில் பேசினால் கேட்கும்படி காதில் ஹெட்போனை மாட்டி, தலையைக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தோம். மிஷின் தட்ட ஆரம்பித்தது.

படம் வந்தது. ஈரக்கை பட்ட மையெழுத்து மாதிரி ஒரே இழுவல்.

"மறுபடியும் ஆட்டறாரும்மா" என்று அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அதெப்படிம்மா ஆட்டுவாரு? நீதானே கட்டின?"

எழுந்து கண்ணாடி வழியே பார்த்தோம். இடது கால் கட்டுக்குள் சமர்த்தாக இருந்தது. ஆடிக்கொண்டிருந்தது வலது பாதம். ஏழு மாதமாக நானே தூக்கி வைத்து, நானே நகம் வெட்டி, நானே எண்ணெய் தடவிய பாதம். பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதே தையல் மிஷின்.

எனக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "டாக்டரக் கூப்பிடு, டாக்டரக் கூப்பிடு" என்று அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

டாக்டர் வந்து, கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தார்.

"கால் வந்துடுச்சு இல்ல டாக்டர்?"

"இருக்கலாம்மா. ஆனா வெறும் தசைத் துடிப்பாவும் இருக்கலாம். பக்கவாதம் வந்த கால் சில சமயம் அப்படித் தானாத் துடிக்கும். அவரு ஆட்டறதில்ல அது. நாம நில்லுன்னு சொன்னா நிக்காது."

"இந்தக் காலையும் கட்டிடவா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேணாம். துடிக்கிற காலக் கட்டினா இன்னும் துடிக்கும்."

"மைக்கக் குடும்மா" என்றேன்.

வாங்கி வைத்துக்கொண்டேனே தவிர, வாய் வரவில்லை. எந்தக் கால் ஆடாதா என்று ஏங்கிக் கிடந்தேனோ, அதைப் பார்த்து நில் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சொல்லி நிற்காவிட்டால் அது வெறும் தசை. படமும் போச்சு, ஊசியும் போச்சு. சொல்லாமலே இருந்தால், அவர்தான் ஆட்டினார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பயமாக இருந்தது. அவர்மேல் கோபமாகவும் இருந்தது. கோபம்தான் கைகொடுத்தது.

"ஏங்க! அறிவிருக்கா உங்களுக்கு? இத்தன பேரு உங்களுக்காகக் கெடந்து அல்லாடறோம், அங்க என்ன ஆட்டம்? காலை ஆட்டாதீங்க!"

மரியாதையில் குறை வைக்காமல்தான் திட்டினேன். ஆனாலும் அந்தப் பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

பாதம் நின்றது. சட்டென்று நிற்கவில்லை. உனக்கொன்றும் நான் பயப்படவில்லை என்று காட்ட எப்போதும் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடிவிட்டுத்தான் நிறுத்துவார். அதேபோல ஒன்று ஆடிவிட்டு நின்றது.

"தசைத் துடிப்பா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் இன்னொரு தடவை அந்தப் பாதத்தை எட்டிப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார்.

மிஷின் மறுபடி தட்டியது. இந்தத் தடவை படம் பளிச்சென்று வந்தது. ஊசி போட்ட இடத்திலிருந்து அடிபட்ட இடம்வரை கறுப்புப் புள்ளிகள் எறும்புச் சாரையாகப் போயிருந்ததை டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். இரண்டாவது ஊசி நிச்சயம் என்றார். இந்தப் புள்ளிகளால்தான் கால் அசைந்ததா என்று கேட்டேன். பழையபடி "இருக்கலாம்" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும்.

மிஷினில் காந்தம் இருப்பதால் கழுத்துச் சங்கிலி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அவரை வெளியே இழுத்து ஹெட்போனை எடுத்தார்கள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக என்னை அடையாளம் தெரிந்தவர் மாதிரி பார்த்தார்.

நான் குனிந்து, "இப்ப ஆட்டுங்க. கட்டில் உடைஞ்சா உடையட்டும்" என்றேன்.

வலது பாதம் கொஞ்ச நேரம் பிகு பண்ணிக்கொண்டு சும்மா இருந்தது. அப்புறம் ஆட ஆரம்பித்தது.