நடுக்காலுக்கு மாறிய கம்பி

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுவாக்‌ஷோத் என்ற பாலைவன நகரத்தின் கைபேசிச் சந்தையில் யேரோவின் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. என் வானொலியைக் கொடுத்துவிட்டு அங்கே பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் மின்கிதாரோடு உள்ளே வந்தார்கள். அதற்குப் பிறகு நான் பக்கம் புரட்டவில்லை.

2

முதல் தொடக்கம்: "தெக்பர் பாடத் தொடங்கினால் பாலைவனமே..."

இல்லை. பாலைவனம் எதுவும் செய்யவில்லை.

இரண்டாவது: தெக்பர் கல்யாணக் கூடாரங்களில் பாடுகிறவர். கணவர் இஸெல்மு அவருக்குக் கிதார் வாசிக்கிறார். மூன்று வருடங்களாக, வீடு திரும்பும் வழியெல்லாம் சண்டை.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

"நான் வாயத் திறந்தா போதும், இவர் கிதார் போர்வைய இழுத்துப் போத்திக்குது," என்றார் தெக்பர் யேரோவிடம்.

"குறைக்கச் சொன்னே, குறைச்சேன்," என்றார் இஸெல்மு.

"சத்தத்தக் குறைன்னேன். கோவிச்சுக்கிட்டுப் படுத்துக்கோன்னா சொன்னேன்? இல்லன்னா என் தொண்டை மேல ஏறி நிக்குது. பாடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இவர் விரல முறைச்சுப் பாக்க வேண்டியிருக்கு. வியாழக்கிழமைக் கல்யாணத்துலயும் இப்படின்னா, சனிக்கிழமையிலேர்ந்து என் சித்தி மகன் கீபோர்டு வாசிப்பான். அவன்கிட்ட சொல்லியாச்சு."

இஸெல்மு கிதாரை மேசைமேல் வைத்தார். யேரோ கிதாரின் மூடியைக் கழற்றினார்.

"வாத்தியக்காரரே, இது என்ன, குருவிக்கூடா? எவன் ஈயம் வச்சான்?"

"நான்தான்."

"நல்லவேளை, நீங்க பல் டாக்டருக்குப் படிக்கல."

தெக்பர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த ஐயா அரைமணி நேரமா ஒரே பக்கத்தப் படிக்கிறாரு. வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் கூடாரத்துக்கு வாங்க ஐயா, மீதியையும் கேட்டுக்கலாம்."

3

வால்யூம் குமிழுக்கு அடியில் மூன்று கால்கள். கிதாரின் ஒலி ஓரக்கால் வழியே நுழைந்து நடுக்கால் வழியே வெளியேறுகிறது. ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் குமிழிலிருந்து வரும் கம்பி, நுழையும் காலில் பற்றவைக்கப்பட்டிருந்தது. அப்படி இருந்தால், சத்தத்தைக் குறைக்கும்போது கூர்மையும் கூடவே கரைகிறது. யேரோ ஈயத்தை உருக்கிக் கம்பியை எடுத்தார், நடுக்காலில் வைத்தார். டோன் குமிழோடு இருந்த கண்டன்சரைக்கூட மாற்றவில்லை. கம்பி நகர்ந்த தூரம் ஒரு விரல் அகலம் இருக்காது.

[இந்த இடத்தில் யேரோவுக்கு ஆழமான வசனம் ஒன்று எழுதியிருந்தேன். அவர் உண்மையில் சொன்னது: "என் டீ ஆறிப்போச்சு."]

இஸெல்மு சத்தத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்கி வாசித்தார். ஒலி சிறியதாக இருந்தது. ஆனால் நகம் தந்தியில் படுவதுகூடக் கேட்டது. தெக்பர் அதன் மேலே மெல்ல முணுமுணுத்தார். சுரம் தேடாமலே கிடைத்தது.

இருவரும் அதே வரிக்கு இன்னொரு முறை போனார்கள். நான் இந்தக் கதையில் மிகவும் விரும்புவது அந்த நேரத்தைத்தான். அதை எழுதத் தெரியவில்லை.

"மூணு வருஷமா கம்பியா?" என்றார் தெக்பர். "நான் நீதான்னு நெனச்சேன்."

"நானும் நான்தான்னு நெனச்சேன்," என்றார் இஸெல்மு.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் யேரோ. "இனிமே டோனத் திருகினா சத்தமும் லேசா அசையும். பழகிக்குங்க."

4

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் படித்தபோது நம்பிக்கை வரவில்லை. ஒரு கம்பியா ஒரு வீட்டைச் சரிசெய்யும்?

கம்பி எதையும் குறைக்காது. குறைக்க வேண்டியது விரல். இதுவரை இஸெல்முவிடம் ஒரு காரணம் இருந்தது: குறைத்தால் மங்கிவிடுகிறது, அதனால் ஓங்கியே வாசிக்கிறேன். அந்தக் காரணம் இப்போது யேரோவின் மேசையில் பழைய ஈயத்தோடு கிடக்கிறது. கடையை விட்டு இறங்கும்போது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது, பயமும் இருந்தது. இனி மங்கினாலும் ஓங்கினாலும் அது அவரேதான்.

(இருண்ட முடிவு ஒன்று: "சனிக்கிழமை கீபோர்டு..." அந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

5

வியாழக்கிழமை போனேன்.

இங்கே இசைக்கு வரிசை உண்டு. கர் என்ற பண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாக முன்னே போக வேண்டும். கடந்த பண்ணுக்கு அந்தச் சுற்றில் திரும்ப முடியாது. நானோ ஒரு தொடக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்து எழுதலாம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இஸெல்மு தனியே வாசித்தார், ஓங்கி, அழகாக. பெண்கள் குலவையிட்டார்கள், யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அந்தக் கூவலுக்கு நடுவே சத்தத்தை இறக்குவது எவ்வளவு கடினம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெக்பர் மூச்சு இழுத்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் கணவரின் விரலைப் பார்ப்பார். நான் அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தேன்.

அவர் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டார்.

இஸெல்முவின் சுண்டுவிரல் குமிழைத் தொட்டது.

அடுத்து என்ன கேட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்ட ஒருத்திக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு சொல்வது சரியில்லை. இப்போது நீங்கள்தான் இஸெல்மு: குமிழ் உங்கள் விரலுக்கு அடியில் இருக்கிறது. கூவல் இன்னும் அடங்கவில்லை. தெக்பர் வாய் திறக்கிறார்.