கறுப்பனுக்கு அவித்த சூடை

யோசெப்பு முல்லைத்தீவிலிருந்து மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முள்ளியவளைக்கு வருவான். கமலாசனியின் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்குவதில்லை. ஆனாலும் அவன் மணிச்சத்தம் கேட்டால் வாசல் படலையடிக்கு வந்துவிடுவாள். சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவரும் அவன் நாயைப் பார்க்கத்தான். அதன் மயிர் அப்படி மினுங்கும்.

அவளுடைய கறுப்பனோ வயலில் பன்றி விரட்டுகிற நாய். அந்த வருடம் மயிர் உதிர்ந்து, தோல் சொறிபிடித்துக் கிடந்தது. வேப்பெண்ணெய் பூசியும் பலனில்லை.

“தம்பி, உம்மட நாய்க்கு என்ன பூசிறனீர்?”

யோசெப்பு சிரித்தான். “பூசிறதோ? சூடை மீன்தான் அக்கா. கரைவலை இழுக்கேக்க சிந்திறதைப் பொறுக்கித் தின்னும். நல்ல எண்ணெய் மீனெல்லோ.”

அன்று மத்தியானமே பக்கத்து வீட்டு நாகேஸ்வரி எறியப்போன பொரித்த பாரைமீன் முள்ளுகளை இலையில் வாங்கிவந்து கறுப்பனுக்கு வைத்தாள். அது ஒரே வாயில் விழுங்கப்பார்த்தது. பிறகு செருமியது, வாயை முன்னங்காலால் பிறாண்டியது, எச்சில் நூலாய் வடிந்தது. கணவர் தில்லைநாதன் ஓடிவந்து தாடையைத் துவாயால் பிடித்துத் திறக்க, கமலாசனி விரலை விட்டுத் தேடினாள். அண்ணத்தில் குறுக்கே நின்ற முள்ளை இழுத்தெடுத்தபோது நுனியில் இரத்தம்.

“உமக்கேன் இந்த வேலை?” என்றார் அவர்.

அவள் முள்ளை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சடக்கென்று முறிந்து, ஊசிபோல் கூராக நின்றது.

அடுத்தமுறை அதை யோசெப்பிடம் காட்டினாள்.

“இது பெரிய மீன்ர முள்ளு, பொரிச்சதும் எல்லோ. சூடை முள்ளு மெல்லிசு.”

“அப்ப பச்சையாக் குடுக்கலாமோ?”

“என்ர நாய் குட்டியில இருந்து பழகினது. உங்கடதுக்கு எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது அக்கா.”

அவனுக்கும் தெரியாது என்பது அவளை விடவில்லை. ஆறு சூடை வாங்கினாள். கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்து, பழைய மண்சட்டியில், உப்பும் தூளும் போடாமல் அவித்தாள். சோறு வேகிற நேரம் போனதும் ஒன்றை எடுத்து நசித்தாள். நடுமுள்ளு குத்தியது. இன்னும் தண்ணீர் விட்டு, விறகைத் தள்ளினாள். உச்சிப்பொழுதாயிற்று. மறுபடி நசித்தபோது முள்ளு விரலிடையில் மாவாகக் கரைந்தது. அந்த மாவை மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தாள், உறுத்தவில்லை. இரண்டை மட்டும் சோற்றோடு பிசைந்து தேங்காய்ச் சிரட்டையில் வைத்தாள். கறுப்பன் சிரட்டையையும் நக்கியது.

அந்த ஆசையில் மிச்சம் நாலையும் பின்னேரம் போட்டுவிட்டாள். விடிய அதற்கு வயிற்றால் போனது.

“கூடிப்போச்சு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதன்பிறகு கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மீன்தான்.

மாரிமழை தொடங்குமுன் கறுப்பனின் முதுகில் புதுமயிர் வந்திருந்தது. சைவக்காரர் வீட்டில் மீன்சட்டியாம் என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். தில்லைநாதனே படலையடியில் நின்று சூடை வாங்கத் தொடங்கினார்.

ஒருநாள் யோசெப்பு சட்டியருகே குந்தி, அவித்த முள்ளை நசித்துப் பார்த்தான். “இவ்வளவு காலமும் மீன் விக்கிறன், இப்பிடிக் கரையுமெண்டு தெரியேல்லையே!”

“கீரிமீன் முள்ளும் இப்பிடிக் கரையுமோ, தம்பி?”

அவன் தலையைச் சொறிந்தான். “தெரியாது அக்கா.”

“அப்ப நாளைக்கு ரெண்டு கொண்டுவாரும்,” என்றாள் கமலாசனி.