பட்டாபி கொடுத்த இலந்தைப்பழம்

முப்பத்தேழு வருடங்களாக நான் ஒரு மனிதனை விடாமல் திட்டி வருகிறேன். பெயர் பட்டாபிராமன். என் வகுப்புத் தோழன், பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் வைஸ் பிரசிடெண்ட். எதிரே பார்த்தால் கட்டிக்கொள்வேன், குசலம் விசாரிப்பேன். நான் என்ன நாகரிகம் தெரியாதவனா? திட்டுவதெல்லாம் வீட்டில், காமுவிடம். காமு என் மனைவி. கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். அவன் என் வாழ்க்கையைக் கெடுத்தான். அதுவும் ஒரு பொட்டலம் இலந்தைப்பழத்தால்.

கல்கத்தாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே இலந்தைப்பழத்துக்குக் குல் என்று பெயர். தை மாதத்தில் தெருவெல்லாம் குவிந்து கிடக்கும். ஆனால் வங்காளிக் குழந்தைகள் சரஸ்வதி பூஜைக்கு முன்னால் அதைத் தொடமாட்டார்கள். அம்மனுக்குப் படைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். மீறித் தின்றால் பரீட்சையில் கோவிந்தா. வங்காளிகளின் சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமிக்கு வரும், பரீட்சைகளுக்குச் சரியாகக் கொஞ்சம் முன்னால். நமக்கோ அது நவராத்திரியிலேயே முடிந்துவிடும். இங்கே வளர்ந்த எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு சரஸ்வதி பூஜை. இரண்டுக்கும் நான் கணக்குப் புத்தகத்தைப் பக்தியோடு வைத்தேன். படிக்கக் கூடாத நாட்கள் எனக்கு எப்போதும் போதவில்லை.

பத்தாம் வகுப்பு, மாத்யமிக் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. டாக்குரியா ஏரிக்கரையில் காத்திருந்தேன். பட்டாபி வந்து கறுப்பு உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய குல் பொட்டலத்தை நீட்டினான்.

"பூஜை முடியலையேடா" என்றேன்.

"நம்ம சரஸ்வதி பூஜை அக்டோபர்லயே முடிஞ்சாச்சு. இவா பூஜை இவாளுக்கு. நீ தின்னு" என்றான்.

பதினைந்து வயதில் வக்கீல் மாதிரி வாதம். நான் தின்றேன். பொட்டலம் முழுவதையும் தின்றேன். அவன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். இதை நான் மறந்ததே இல்லை.

எங்கள் மாடியில் இருந்த வங்காளி மாமி, மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம், என் சட்டைப்பையில் கொட்டைகளைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பூஜைக்கு முன்னாடியே குல் தின்னியா? ஷர்வநாஷ்!" என்று தலையில் கை வைத்தாள். கணக்கில் எனக்கு முப்பத்தெட்டு. பட்டாபிக்குத் தொண்ணூற்று நான்கு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பிறகு எல்லாம் தானாக நடந்தது. முப்பத்தெட்டுக்கு சயன்ஸ் குரூப் கிடைக்கவில்லை. எஞ்சினீயர் ஆக வேண்டியவன் பி.காம். படித்தேன். பி.காம். படித்தவன் வங்கியில் கிளார்க் ஆனேன். கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆவதற்குள் தலைமயிர் பாதி போயிற்று. அடுத்த புரமோஷனுக்கு மூன்று முறை பரீட்சை எழுதி மூன்று முறையும் போயிற்று. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து பட்டாபியைத் திட்டினேன். அந்த வருடங்களில்தான் அவன் பெங்களூரில் படியேறிக்கொண்டிருந்தான்.

பொழுதுபோக்குகளும் அப்படித்தான். தபால்தலை சேர்த்தேன், நின்றது. மவுத் ஆர்கன் வாங்கினேன், பக்கத்து வீட்டுக்காரர் வந்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டதால் நின்றது. போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். போன்சாய் வளர்த்தேன். அந்தத் தொட்டிகளில் இப்போது காமு கொத்தமல்லி போட்டிருக்கிறாள். எதிலும் மனம் ஒன்றவில்லை. தன்னம்பிக்கையை ஒருத்தன் சின்ன வயதிலேயே நசுக்கிவிட்டால் எதில் ஒன்றும்?

என் மகள் ஹம்சினி ஐந்தாவது படிக்கும்போது ஒரு தடவை கணக்கில் குறைந்த மார்க் வாங்கி வந்தாள். நான் காரணம் கேட்டேன். அவள் ரொம்ப யோசித்துவிட்டு, "பாபா, எங்க கிளாஸ்ல பட்டாபின்னு யாருமே இல்லையே, அப்புறம் எப்டி?" என்றாள். காமு சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

இந்த வருடம் மகேஸ்வரி வாட்ஸப் குழுவில் செய்தி போட்டாள். மகேஸ்வரி எங்கள் வகுப்பின் மானிட்டர், ஐம்பத்து மூன்று வயதிலும் அந்தப் பதவியை விடவில்லை. சரஸ்வதி பூஜை அன்று டாக்குரியாவில் ஒரு ஹாலில் பழைய மாணவர்கள் கூட்டம், மதியச் சாப்பாடு, குடும்பத்தோடு வரவேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். தலைப்பு: என் பள்ளி நாட்கள், என் உத்தியோகம், என் பொழுதுபோக்கு. கீழே ஒரு வரி: "பட்டாபி ஃப்ளைட் புக் பண்ணியாச்சு!"

அன்றே முடிவு செய்தேன். இத்தனை வருடம் முதுகுக்குப் பின்னால் பேசியது போதும். நாற்பது பேர் எதிரில், மைக்கில், அவன் முகத்துக்கு நேராகக் கேட்கப்போகிறேன். அவன் வாயால் "ஆமாம், என்னால்தான்" என்று ஒரு வார்த்தை வர வேண்டும். அது போதும். எனக்கு வேறு எந்தப் பதவியும் வேண்டாம்.

காமுவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"ஏன்னா, வேண்டாம். சாப்பிட்டுட்டு வந்துடலாம்."

"ஏன், உனக்கென்ன பயம்?"

"சொல்றதைக் கேளுங்கோ. அவரை ஒண்ணும் கேக்காதீங்கோ."

வேறு எதிலும் கெஞ்சாதவள் இதில் கெஞ்சினாள். நண்பர்களுக்குள் சண்டை வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், நல்ல மனசு.

ஹாலில் எல்லோரும் பாதி நரைத்து, பாதி டை அடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தன் உத்தியோகத்தைப் பற்றி ஒன்பது நிமிடம் பேசினான், அதில் எட்டு நிமிடம் அமெரிக்கா. ஒருத்தி தன் பொழுதுபோக்கு மாரத்தான் என்றாள். பள்ளியில் பிரேயருக்கே ஓடி வராதவள். எல்லோரும் கை தட்டினார்கள். ஐம்பதைத் தாண்டினால் எதற்கும் கை தட்டத் தோன்றுகிறது.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

"பள்ளி நாட்கள், உத்தியோகம், பொழுதுபோக்கு, எனக்கு மூணும் ஒரே விஷயம்தான்" என்று ஆரம்பித்தேன். ஏரிக்கரை, பொட்டலம், அவன் வாதம், முப்பத்தெட்டு மார்க் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள், மடையர்கள். நான் சிரிக்கவில்லை.

"பட்டாபி, நீ எதிர்லதான் இருக்கே. நீ ஒண்ணுகூடத் தொடாம எனக்கு மட்டும் ஏண்டா கொடுத்தே? எனக்குப் பதில் வேணும்" என்றேன். கடைசியில் என் குரல் உடைந்தது. ஹாலில் சிரிப்பு அடங்கியது.

பட்டாபி எழுந்தான். முதலில் அவன் பார்த்தது என்னை இல்லை, காமுவை. காமு வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையாட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்கோ மன்னி, இனிமே முடியாது" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினான். "டேய் அனந்து, நானும் தின்னேண்டா. ரெண்டு பொட்டலம் வாங்கினேன். ஸ்டேஷன்லேர்ந்து ஏரிக்கு நடந்து வரும்போதே ஒண்ணைக் காலி பண்ணிட்டேன். வயித்தைப் பிசைய ஆரம்பிச்சுடுத்து, அதனாலதான் உன் எதிர்ல தொடலை. ரெண்டு நாள் ஸ்கூலுக்கே வரலை, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அவன் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் டாலிகஞ்சுக்குப் போய் ஸ்டூடியோ வாசலில் ஷூட்டிங் வேன்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். பரீட்சைக்கு முந்தின வாரம் வரைக்கும் போனேன். இதெல்லாம் எங்கே போய் ஒளிந்திருந்ததோ, நாற்பது பேர் பார்க்கும்போது திரும்பி வந்தது.

"ரெண்டு பேரும் தின்னோம். ஆனா நான் படிச்சேன்" என்றான். குத்திச் சொல்லவில்லை. தோளில் கை வைத்துத்தான் சொன்னான். அதனால் இன்னும் எரிந்தது.

மகேஸ்வரி கெட்டிக்காரி. "சரி சரி, எல்லாரும் சாப்பிட வாங்கோ!" என்று கத்தினாள். கிச்சுரி என்கிற பருப்புக் கிச்சடி, பொரித்த கத்திரிக்காய், ஓரத்தில் நமக்காக ஒரு சாம்பார். எனக்கு எதுவும் இறங்கவில்லை. காமு என் இலையைப் பார்த்துவிட்டு தன்னுடையதையும் மூடிவிட்டு எழுந்தாள்.

வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் நீள வரிசை. மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் காமுவும் வரிசையில் நின்றோம்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"கல்யாணமாகி அடுத்த வருஷம் அவர் நம்மாத்துக்கு வந்தாரே, நீங்க காபிப்பொடி வாங்கப் போனேள். நான் வேடிக்கையா இந்தக் கதையை எடுத்தேன். அவருக்கு முகமே செத்துப்போச்சு. 'நானும் தின்னேனே மன்னி, அவன் வரட்டும், இப்பவே சொல்லிடறேன்'னார். நான்தான் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டேன்."

இருபத்து நான்கு வருடம். நான் திட்டத் திட்ட இவள் காய் நறுக்கிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, உம் கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"ஏன் காமு? என்னைப் பைத்தியக்காரனா ஆக்கி வேடிக்கை பார்த்தியா?"

"அதுக்கு முந்தின வாரந்தான் உங்களுக்கு முதல் தடவை புரமோஷன் பரீட்சை போயிருந்தது" என்றாள். "ரெண்டு நாள் வாயே திறக்கலை. மூணாம் நாள் அவரைத் திட்ட ஆரம்பிச்சேள். திட்டி முடிச்சதும் பசிக்கறதுன்னு தட்டு போடச் சொன்னேள். நன்னாத் தூங்கினேள். காலையில ஆபீஸ் போனேள். அதையும் உங்ககிட்டேர்ந்து பிடுங்கிண்டா நீங்க யாரைத் திட்டுவேள்? உங்களையேதானே திட்டிப்பேள்? அதை என்னால பார்க்க முடியாதுன்னு தோணித்து."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோ வரிசையில், இந்த வயதில், பட்டப்பகலில். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீயாவது என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே காமு" என்றேன்.

"நான் தினமும் திட்டிண்டுதான் இருந்தேன். நீங்கதான் எல்லாத்தையும் பட்டாபி பேருக்கு எழுதி வச்சேள்."